கிரிம்சன் (இசைத்தொகுப்பு)

கிரிம்சன் என்பது சுவீடனின் டெத் மெட்டல் இசைக்குழுவான எட்ஜ் ஆஃப் சானிட்டி 1996ஆம் ஆண்டு பிளாக் மார்க் நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட இசைத்தொகுப்பாகும். தொகுப்பு முழுவதும் 40 நிமிடம் நீளும் ஒரே பாடலாக அமைந்திருப்பது இதன் தனிச்சிறப்பு. குழுவின் பாடகரும் முதன்மை இசையமைப்பாளருமான டான் ஸ்வானோ, ஒரே காலத்தில் பல குழுக்களில் வாசித்தும் பாடியும் பிறர் இசையை ஒலிப்பதிவு செய்தும் வந்தவர்; பெருநிறுவனங்களின் விளம்பர ஆதரவின்றிச் சிறு வெளியீட்டாளர்களையும் ரசிகர் வட்டங்களையும் நம்பி இயங்கும் ‘அண்டர்கிரவுண்ட்’ மெட்டல் உலகில் மிகுதியாகப் படைத்தோருள் ஒருவராக அறியப்படுபவர்.

பின்னணி

1980களில் அமெரிக்காவில் உருப்பெற்ற டெத் மெட்டல், சுருதி இறக்கப்பட்ட கித்தார்கள், விரைவான டிரம் அடி, தொண்டையின் அடியிலிருந்து எழும் உறுமல் குரல் ஆகியவற்றால் பிற ராக் வகைகளிலிருந்து வேறுபடுகிறது. சுவீடனில் இவ்வகை முதலில் ஸ்டாக்ஹோமை மையமாகக் கொண்டு வளர்ந்தது. அங்குள்ள சன்லைட் ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவான கரகரப்பு மிகுந்த கித்தார் ஒலியே சுவீடிஷ் பாணியின் அடையாளமாகக் கருதப்பட்டது. எட்ஜ் ஆஃப் சானிட்டி தலைநகருக்கு வெளியே, ஃபின்ஸ்போங் என்னும் சிறுநகரில் 1989இல் தொடங்கப்பட்டது. முதல் தொகுப்பு 1991இல் வெளிவந்தபின், உறுமலோடு இயல்பான பாட்டுக்குரலையும் முரட்டு ஒலியோடு மெல்லிசையையும் கலக்கும் போக்கு படிப்படியாக வலுப்பெற்று, 1994இல் வந்த ‘பர்கேட்டரி ஆஃப்டர்குளோ’ தொகுப்பில் ஒரு பாடல் முழுவதையும் ஸ்வானோ உறுமலின்றிப் பாடுமளவுக்குச் சென்றது.

உருவாக்கம்

ஸ்வானோ நடத்திவந்த யூனிசவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் கிரிம்சன் பதிவு செய்யப்பட்டது. ஓபெத் குழுவின் முதல் இரு தொகுப்புகளும் அவருடைய கூடத்தில் உருவானவையே. கித்தார்களை ஸ்வானோவுடன் ஆந்திரயாஸ் ஆக்செல்சன், சாமி நேர்பெர்க் ஆகியோரும், பேஸ் கித்தாரை ஆண்டர்ஸ் லிண்ட்பெர்க்கும், டிரம்மைப் பென்னி லார்சனும் வாசித்தனர்; ஓபெத்தின் தலைவர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் விருந்தினராகக் கலந்துகொண்டு பாடியதோடு கித்தாரும் வாசித்தார். இசையமைப்பாளரே ஒலிப்பதிவாளராகவும் இருந்ததால், எந்தப் பகுதி எதனோடு இணைய வேண்டும் என்னும் முடிவு இயற்றுவதிலிருந்து இறுதி ஒலிக்கலவை வரை ஒருவர் பொறுப்பிலேயே இருக்க வாய்ப்பு ஏற்பட்டது.

கதையும் அமைப்பும்

பாடல்கள் அனைத்தும் ஒரே கதையையோ கருத்தையோ தொடரும் தொகுப்பைக் ‘கான்செப்ட் ஆல்பம்’ என்பர். கிரிம்சன் அவ்வகையைச் சேர்ந்தது. மனித இனம் பிள்ளைப்பேற்றை இழந்துவிட்ட தொலை எதிர்காலத்தில், அரசிக்கு மட்டும் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. பேற்றின்போது தாய் இறக்க, பின்னர் அரசனும் மறைய, நாடு கலகத்தில் ஆழ்கிறது. தீய ஆற்றலின் துணையோடு அரியணை ஏறும் மகள் கொடுங்கோலியாக மாறி, எதிர்ப்பாளர்களால் வீழ்த்தப்படுகிறாள். அவள் அடைக்கப்படும் செந்நிற நீர்மத்தைச் சுட்டுவதே தலைப்பு.

நாற்பது நிமிட இசை சிதறாமல் நிற்பதற்குக் காரணம், ரிஃப் எனப்படும் குறுகிய கித்தார் சொற்றொடர்களும் மெட்டுகளும் இடைவெளி விட்டு மீண்டும் தோன்றுவதாகும். முன்பு கேட்ட மெட்டே வேறு வேகத்திலோ வேறு குரலிலோ திரும்பி வருவதால், பகுதிகளுக்குத் தலைப்போ இடைநிறுத்தமோ இல்லாதபோதும் கேட்பவருக்குக் கதையின் போக்கு பிடிபடுகிறது. விரைவான தாக்குதல் அடங்கி, மின்பெருக்கமற்ற கித்தாரும் கீபோர்டும் இயல்புக்குரலும் மட்டும் ஒலிக்கும் இடங்கள் அடுத்த எழுச்சிக்கு இடம் தருகின்றன. இடைவெளியின்றி ஒரே பாடலாக நீளும் இவ்வடிவத்துக்குக் குறுந்தகடு துணைநின்றது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20 நிமிட இசையே நல்ல தரத்தில் அடங்கும் என்பதால், அதில் இப்பாடலை நடுவில் பிரித்தே தர இயலும்.

பிற்காலம்

‘இன்ஃபெர்னல்’ (1997) தொகுப்புக்குப்பின் ஸ்வானோ விலக, அவரின்றி ஒரு தொகுப்பை வெளியிட்ட குழு பின்னர் கலைந்தது. 2003இல் அவர் குழுவின் பெயரை மீட்டெடுத்து, பெரும்பாலான இசைக்கருவிகளைத் தாமே வாசித்துக் ‘கிரிம்சன் 2’ என்னும் தொடர்ச்சியை வெளியிட்டார். அதன் பாடல்வரிகளை ஆங்கிலேய இசைக்கலைஞர் கிளைவ் நோலன் எழுதினார். கடும் மெட்டல் இசையில் ஒரே பாடலாலான தொகுப்புக்கு முன்னோடி எடுத்துக்காட்டாகக் கிரிம்சன் குறிப்பிடப்படுகிறது. ஃபின்லாந்தின் இன்சோம்னியம் குழு 2016இல் வெளியிட்ட ‘விண்டர்ஸ் கேட்’ தொகுப்பும் ஏறத்தாழ 40 நிமிடம் நீளும் ஒற்றைப் பாடலே. அதன் ஒலிக்கலவையைச் செய்தவரும் ஸ்வானோவே.