பட விளக்கப்படம் கற்பித்தல்

எண்ணிக்கையைப் படங்களின் வரிசையாகக் காட்டுவது பட விளக்கப்படம். ஒரு வகுப்பில் 32 பிள்ளைகள் இருக்கிறார்கள். 14 பேர் நடந்தும், 9 பேர் சைக்கிளிலும், 6 பேர் பஸ்ஸிலும், 3 பேர் ஆட்டோவிலும் பள்ளிக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு படம் வீதம் நான்கு வரிசைகளில் ஒட்டிவிட்டால், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகூட எந்த வரிசை நீளம் என்று சொல்லிவிடும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தொடக்க வகுப்புகளில் ‘தகவல் செயலாக்கம்’ என்ற தலைப்பிலும், ஆறாம் வகுப்பில் ‘புள்ளியியல்’ இயலிலும் இது வருகிறது.

இதை ஓவியப் பாடமாக நடத்துவது பரவலாக நேரும் தவறு. அழகாக வரைந்த தாளுக்குப் பாராட்டு கிடைக்கிறது. வரிசைகள் உண்மையைச் சொல்கின்றனவா என்று யாரும் பார்ப்பதில்லை. பட விளக்கப்படத்தில் கற்க வேண்டியது எண்ணுவதும் ஒப்பிடுவதும்தான். ஆகவே தொடக்கம் தாளில் அமையாமல் தரையில் அமைவது நல்லது. சுண்ணக்கட்டியால் சம அளவுக் கட்டங்கள் போட்டு, நடந்து வருவோர் ஒரு வரிசையிலும் சைக்கிளில் வருவோர் அடுத்த வரிசையிலும் கட்டத்துக்கு ஒருவராக நிற்க வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு காலித் தீப்பெட்டியைத் தம் கட்டத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளலாம். தீப்பெட்டி இருக்கும் இடத்தில் படம் வருவது அதற்கடுத்த படி. தனக்குப் பதிலாக ஒரு பொருள் நிற்கிறது, பொருளுக்குப் பதிலாக ஒரு குறி நிற்கிறது என்பதைப் பிள்ளை தன் உடம்பாலேயே அறிந்துகொள்கிறது.

தரவைத் திரட்டுவதும் பிள்ளைகளின் வேலையாகவே இருக்க வேண்டும். நான்கு கோடுகளைக் கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடும் நேர்க்கோட்டுக் குறிகள் இங்கேதான் பயன்படத் தொடங்குகின்றன. வரிசையில் உள்ள படங்களும் கோடுகளும் பொருந்தவில்லை என்றால் யாரையோ இருமுறை எண்ணியிருக்கிறோம், அல்லது விட்டுவிட்டோம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

தாளுக்கு வந்ததும் படத்தின் அளவு சிக்கலாகிறது. பஸ் பெரியது என்பதால் பிள்ளை அதை மூன்று கட்ட நீளத்துக்கு வரைந்துவிடும். ஆறு பஸ்கள் 18 கட்டங்களை அடைத்துக்கொள்ள, நடந்து வரும் 14 பேர் 14 கட்டங்களிலேயே முடிந்துபோவார்கள். குறைவானது நீளமாகத் தெரிகிறது. எல்லாப் படமும் ஒரே அளவு, எல்லா வரிசையும் ஒரே கோட்டிலிருந்து தொடக்கம், இடைவெளியும் சமம் என்ற விதிகளை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, இப்படித் தவறிய ஒரு படத்தைச் சுவரில் மாட்டி, ‘எது அதிகம்?’ என்று கேட்பது ஆழமாகப் பதியும்.

இதே பிழை பெரியவர்களின் புள்ளிவிவரப் படங்களிலும் நெடுங்காலம் இருந்தது. உற்பத்தி இரட்டிப்பானது என்று காட்ட, பால் புட்டியை இருமடங்கு உயரமாக வரைவார்கள். அகலமும் கூடவே இருமடங்காவதால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். பார்ப்பவர் ஏமாந்துபோவார். ஆஸ்திரிய அறிஞர் ஓட்டோ நாய்ராத், 1925-இல் வியன்னாவில் நிறுவிய சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தில் இதற்கு உறுதியான மாற்றைக் கடைப்பிடித்தார்: எண்ணிக்கை கூடினால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, படங்களைப் பெருக்க வேண்டும். தரவுகளை எந்த வடிவில் அடுக்கினால் புரியும் என்று தீர்மானித்தவர் மரீ ரைடமைஸ்டர். குறிகளை வெட்டிச் செதுக்கியதுபோல எளிமையாக வடித்தவர் ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். அதிகம் படிக்காத தொழிலாளிக்கும் நாட்டின் கணக்குப் புரிய வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். 1934-இல் வியன்னாவை விட்டு நெதர்லாந்துக்குச் செல்ல நேர்ந்தபின், இம்முறை ‘ஐசோடைப்’ என்று பெயர் பெற்றது. 1945-இல் நாய்ராத் மறைந்த பிறகு, அவருடைய மனைவியான மரீ இங்கிலாந்தில் இருந்தபடி இம்முறையைக் குழந்தைகளுக்கான நூல்களுக்குக் கொண்டுசென்றார்.

கற்பித்தலில் கடினமான இடம் அலகு மாறும் இடம். அதுவரை ஒரு படம் ஒருவரைக் குறித்தது. இனி ஒரு படம் இருவரைக் குறிக்கும், ஐந்து பேரைக் குறிக்கும். நான்கு படங்களைப் பார்த்ததும் ‘நாலு பேர்’ என்று விடை வருவது இயல்பு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஏற்ற பொதுப் பாடத்தரம், படத்துக்கு ஒன்று என்பதை இரண்டாம் வகுப்பிலும், படத்துக்குப் பல என்பதை மூன்றாம் வகுப்பிலும் வைக்கிறது. அந்த ஓராண்டு இடைவெளி நியாயமானது. முதலில் ஒரே தரவை இருமுறை வரையச் செய்யலாம். ஒரு படம் இருவர் என்றானதும் நடப்போர் வரிசை ஏழு படங்களாகச் சுருங்கும். சைக்கிள் வரிசையில் நான்கரைப் படம் வரும். வரிசை சுருங்கியும் ஆட்கள் குறையவில்லை என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும். அரைப் படம் ஒருவரைக் குறிப்பதால் இரண்டு என்ற அலகே தொடக்கத்துக்கு ஏற்றது, பிறகு பத்து. ஐந்தை அலகாக வைத்தால் பாதிப் படம் இரண்டரை ஆளாகிவிடும்.

படத்தைப் படிப்பதில் மூன்று படிகள் உள்ளதாக அமெரிக்கக் கல்வியாளர் பிரான்சிஸ் கர்சியோ 1987-இல் வகுத்துக் காட்டினார்: உள்ளதைப் படிப்பது, உள்ளவற்றுக்கு இடையே உள்ள உறவைப் படிப்பது, உள்ளதற்கு அப்பால் படிப்பது. ‘பஸ்ஸில் எத்தனை பேர்?’ என்பது முதல் படி. ‘சைக்கிளைவிட நடப்போர் எத்தனை பேர் அதிகம்?’ என்பது இரண்டாவது. இதற்குப் பல பிள்ளைகள் 14 என்பார்கள். இரு வரிசைகளையும் ஒன்றுக்கு ஒன்று விரலால் இணைத்து, துணையின்றி மிஞ்சிய ஐந்தை எண்ணச் செய்தால் கழித்தலின் பொருள் கண்முன் தெரியும். ‘மழை நாளில் இந்த வரிசைகள் எப்படி மாறும்?’ என்பது மூன்றாவது. இதற்கு ஒரே விடை கிடையாது; பாடநூல் பயிற்சிகள் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுவது வருத்தத்துக்குரியது.

எண்கள் பெரிதாகும்போது பட விளக்கப்படம் தடுமாறுகிறது. பத்தை அலகாக வைத்து 37-ஐக் காட்ட, மூன்று படங்களுக்குப் பிறகு ஒரு படத்தின் பத்தில் ஏழு பங்கை வெட்ட வேண்டும். அதை யாரும் சரியாகப் படிக்க முடியாது. அப்போது கட்டத்தாளில் ஒட்டிய படங்களை எடுத்துவிட்டு, அவை இருந்த கட்டங்களுக்கு வண்ணம் தீட்டி, ஓரத்தில் எண்களைக் குறித்தால் பட்டை விளக்கப்படம் கிடைத்துவிடுகிறது.