மாண்டிசெல்லோவின் இலையுதிர்காலம்

மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கும் வேளையில்தான் குளிர்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் வேலை மிகுகிறது. காய்ந்த தண்டுகளை அறுக்க வேண்டும். சருகுகளை வாரி வேரடியில் மூடாக்காகப் பரப்ப வேண்டும். எல்லாவற்றிலும் முதன்மையாக, நிலம் உறையுமுன் துலிப், ஹயசிந்த் கிழங்குகளை நட்டாக வேண்டும். மண்ணுக்குள் குளிரைத் தாங்கிக் கிடந்த கிழங்கே வசந்தத்தில் நன்கு பூக்கும்.

இப்பணியின் வரலாற்றைத் தேடப் புகுந்த நாம் வந்து நின்ற இடம், வர்ஜீனியாவின் ஒரு குன்றின் மேல் தாமஸ் ஜெஃபர்சன் எழுப்பிய மாண்டிசெல்லோ இல்லம். 1766 முதல் 1824 வரை அவர் ஒரு தோட்டக் குறிப்பேட்டைப் பேணினார். அதன் முதற்குறிப்பே ஹயசிந்த் பூத்த செய்திதான்!

1801 முதல் 1809 வரை அவர் குடியரசுத் தலைவர். கோடையின் இறுதியில் குன்றுக்கு வந்து தங்கி, இலையுதிர்காலத் தொடக்கத்தில் வாஷிங்டன் திரும்பிவிடுவது வழக்கம். நடவுக்காலத்தில் எசமானர் ஊரில் இல்லை. ஆகவே தோட்டம் கடிதங்களில் வளர்ந்தது. 1807 ஏப்ரலில் வீட்டின் நான்கு மூலைகளிலும் 20 நீள்வட்டப் பாத்திகள் அமைந்தன. அவை போதவில்லை என்று கண்டு, புல்வெளியைச் சுற்றி வளைந்தோடும் நடைபாதை ஒன்றை வரைந்து, அதே ஆண்டு ஜூனில் 16 வயதுப் பேத்தி ஆனுக்கு எழுதினார். கிழங்குகளை அனுப்பிவந்தவர் ஃபிலடெல்ஃபியா விதை வணிகர் பெர்னார்ட் மக்மேன். தோட்ட வேலைகளை மாதவாரியாக வகுத்து 1806 இல் நூல் வெளியிட்டவர் இவரே. 1812 இல் பாதையோரப் பாத்தி 10 அடிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு எண்ணிடப்பட்டது. கணக்கில் அவ்வளவு கண்டிப்பு!

சரி, மண்வெட்டியைப் பிடித்தவர் யார்?

மற்றொரு பேத்தியான எல்லன், பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பில் அக்காட்சியைத் தருகிறார். அளவுக்கயிற்றைத் தாத்தா ஏந்திச் செல்ல, மண்வெட்டியும் களைக்கொட்டுமாக உடன் செல்பவர் வோர்ம்லி ஹியூஸ். 1781 இல் அடிமையாகப் பிறந்து, சிறுவயதில் ஆணிப் பட்டறையில் உழைத்து, பின்னர் தலைமைத் தோட்டக்காரரானவர். கிழங்குகளுக்கோ பேரரசர்கள், அரசிகள், தேவதைகள் பெயரெழுதிய சீட்டுகள்! அவற்றை மண்ணுக்குள் வைத்தவர்க்குத் தம் மனைவி மக்கள்மீதுகூட உரிமையில்லை. மனிதர் யாவரும் சமம் என்று விடுதலைச் சாற்றுரையில் எழுதியவரின் வீட்டில்தான் இது. வாழ்நாளில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோரை அவர் அடிமைகளாக வைத்திருந்தார். தோட்டத்தின் அழகைப் பாடும் நூல்கள் பலவும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன. அதை நாம் குறையாகவே கருதுகிறோம்.

1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் மறைந்தார். அவருக்குக் குழி தோண்டியவரும் ஹியூஸே. ஒரு லட்சம் டாலருக்கும் மேற்பட்ட கடன் எஞ்சியிருந்தது. ஜெஃபர்சனின் மகள் ஹியூஸை முறைப்பத்திரம் ஏதுமின்றி விடுவித்தார். ஆயினும் 1827 ஜனவரி ஏலத்தில் ஹியூஸின் மனைவி உர்சுலாவும் எட்டுப் பிள்ளைகளும் விற்கப்பட்டனர். பின்னர் ஜெஃபர்சனின் பேரன் ஒருவரது பண்ணையில் மனைவியுடனும் இளைய பிள்ளைகளுடனும் அவர் மீண்டும் சேர்ந்தார். முதுமையில், ஜெஃபர்சனின் வரலாற்றை எழுதிய ஹென்றி ராண்டல் அவரைக் கண்டு செவ்வி எடுத்தார். 1858 இல் ஹியூஸ் மறைந்தார்.

தோட்டம் புதர்மண்டிப் போயிற்று. 1939 இல் அதனை மீட்க முனைந்த வர்ஜீனியா தோட்டக் கழகத்தார், இரவில் மோட்டார் வண்டிகளின் முகப்பு விளக்கொளியைப் புல்வெளியின் குறுக்கே பாய்ச்சினர். பழைய வளைபாதையின் தடம் நிழலாகத் தெரிந்தது.