தீர்ப்புக்கு முன் ஒரு முறையீடு: தருமபுரி வழக்குகள் இரண்டை முன்வைத்து

2003ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி அமர்வு நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கின் விசாரணை நடந்துகொண்டிருந்தது. கிருஷ்ணகிரி அப்பொழுது தனி மாவட்டமன்று. தருமபுரி மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 2000 பிப்ரவரி 2 அன்று, கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் செல்வி ஜெயலலிதாவுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட செய்தி பரவியதும், அ.தி.மு.க.வினர் மாநிலமெங்கும் மறியலில் இறங்கினர். கல்விச் சுற்றுலாவில் வந்த கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்து தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் கொளுத்தப்பட்டது. மூன்று மாணவியர் உள்ளேயே கருகி இறந்தனர். அந்த வழக்குத்தான் அது.

2001 மே மாதத்தில் ஆட்சி மாறியது. எதிரிகளாக நிறுத்தப்பட்டிருந்தவர்களின் கட்சியே அரசு அமைத்தது. நம் நாட்டுச் சட்டப்படி, அமர்வு நீதிமன்றத்தில் குற்ற வழக்கை நடத்துபவர் அரசு வழக்கறிஞர். அவரை நியமிப்பது அரசு. சாட்சிகள் கூண்டிலேறி, முன்னர் சொன்னதை மறுத்து, ஒருவர்பின் ஒருவராகப் பிறழ்சாட்சிகளாயினர். வழக்கு எங்கே போய் முடியும் என்பது பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

இறந்த மாணவியருள் ஒருவரின் தந்தை அப்பொழுது சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறினார். தீர்ப்பு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. விசாரணையை வேறிடத்துக்கு மாற்றிப் புதிதாக நடத்த வேண்டும் என்று கேட்டார். உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் அவர் கோரிக்கையை ஏற்று, வழக்கைச் சேலத்துக்கு மாற்றியது. சிறப்பு அரசு வழக்கறிஞர் ஒருவரும் நியமிக்கப்பட்டார். 2007 பிப்ரவரியில் சேலம் நீதிமன்றம் மூவருக்கு மரண தண்டனையும் இருபத்தைந்து பேருக்கு ஏழாண்டுச் சிறையும் விதித்தது. கிருஷ்ணகிரியில் சரிந்துகொண்டிருந்த வழக்கு சேலத்தில் நிமிர்ந்ததற்கு, நடுவழியில் பெறப்பட்ட அந்த ஓர் ஆணையே காரணம் என்பது என் கருத்து.

அந்தத் தந்தை கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் யாராக இருந்தார் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கின் தலைப்பில் அவர் பெயர் இல்லை. ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் எதிரிகள். நம் நீதிமன்றத் தமிழில், பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் இடம் 'அ.சா.' என்ற இரண்டெழுத்தும் ஓர் எண்ணுமே: அரசுத் தரப்புச் சாட்சி. சாட்சிக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு. கேள்வி கேட்கும் உரிமை இல்லை. அவர் தம் செலவில் வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொண்டாலும், அவ்வழக்கறிஞர் அரசு வழக்கறிஞரின் வழிகாட்டுதலின்கீழ்தான் இயங்க முடியும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397ஆம் பிரிவோ, விசாரணையின் இடையே பிறப்பிக்கப்படும் இடைக்கால ஆணைகளின்மீது சீராய்வே கூடாது என்று கதவைச் சாத்தியது. எஞ்சியிருந்த வழிகள் இரண்டு. ஒன்று, வழக்கை இடம் மாற்ற உயர் நீதிமன்றத்துக்குத் தந்த 407ஆம் பிரிவு. மற்றொன்று, நீதியின் நோக்கங்களைக் காக்க அதற்கிருக்கும் உள்ளார்ந்த அதிகாரத்தை ஒப்புக்கொண்ட 482ஆம் பிரிவு. இடமாற்றம் கேட்கத் தகுதியுடையோர் பட்டியலில் 'அக்கறையுள்ள தரப்பினர்' என்றொரு தொடர் உண்டு. பாதிக்கப்பட்டோர் நுழைவதற்குச் சட்டம் விட்டுவைத்த சிறு வாயில் அது.

உயிரிழந்தவரின் உறவினரை நீதிமன்றத்தின் ஓரத்துக்குத் தள்ளிய இந்த ஏற்பாடு இம்மண்ணில் என்றும் இருந்ததன்று. அதற்கு ஒரு தொடக்கமும் ஆண்டும் உண்டு.

இஸ்லாமியச் சட்டவியல் உரிமைகளை ஹக்குல்லாஹ் (அல்லாஹ்வின் உரிமை) என்றும் ஹக்குல் இபாத் (அடியார்களின் உரிமை) என்றும் வகுப்பதை நம் வாசகர் அறிவர். கொலைக்கான கிஸாஸில் அடியாரின் உரிமையே மேலோங்கியது என்பது ஃபுகஹாக்களின் நிலை. ஆகவே கொலையுண்டவரின் வலீ வழக்கின் உரிமையாளர். பழிக்குப் பழி கேட்பதும், தியத் எனும் ஈட்டுத்தொகை பெறுவதும், மன்னிப்பதும் அவர் கையிலிருந்தன. முகலாயர் ஆட்சியிலும் அதன் பின்னர் வங்காள நவாபுகளின் காலத்திலும் நீதிமன்றங்கள் ஏற்றிருந்த நெறி இதுவே. ஆங்கிலக் கம்பெனியும் தொடக்கத்தில் இதையே வைத்துக்கொண்டது. மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ஹிதாயாவை 1791இல் சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் வெளியிட்டதுகூடக் கம்பெனி நீதிமன்றங்களின் தேவைக்காகவேயாகும். (ஃபார்ஸி வழியாகப் பெயர்க்கப்பட்ட அந்நூலை, நம் மாணவர்கள் அறபு மூலத்தோடு ஒருமுறையேனும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.)

மாற்றம் 1790இல் காரன்வாலிஸின் கையால் வந்தது. கொலையைத் தீர்மானிக்கக் கருவியைப் பார்க்க வேண்டும் என்ற இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தை விட்டு, அவருடைய இரு தோழர்களின் கருத்தைத் தழுவி, கொன்றவனின் எண்ணமே அளவுகோல் என்று விதிக்கப்பட்டது. அதே சமயம், உறவினர் மன்னித்தாலும் தண்டனை நிற்காது என்றும் ஆனது. வலீயின் உரிமை அங்கே முடிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் தருமபுரி உள்ளிட்ட பாராமஹால் பகுதியைத் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி பெற்றது. அலெக்சாந்தர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கு நிலவரி அளந்த காலத்தில், குற்ற வழக்கின் உரிமையாளர் யார் என்ற கேள்விக்குக் கம்பெனி தன் விடையை ஏற்கெனவே எழுதிவைத்துவிட்டது: அரசு.

பழையது எல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. வலீயின் உரிமை ஏழையின் வீட்டில் இருக்கும்பொழுது, செல்வன் அதை விலைக்கு வாங்கிய நிகழ்ச்சிகளும் உண்டு. பயமுறுத்திப் பெற்ற மன்னிப்புகளும் உண்டு. காரன்வாலிஸின் விதிக்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் வலீயிடமிருந்து எடுத்த உரிமையை அரசிடம் தந்தபொழுது, அரசே குற்றவாளியின் பக்கம் சாய்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த விதியில் விடையில்லை. தருமபுரி மாவட்டம் அக்கேள்வியை இரு முறை கேட்டது. பேருந்து எரிப்பு இரண்டாவது. முதலாவது வாச்சாத்தி.

அரூருக்கு அருகே, சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பழங்குடியினர் ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர் என 269 அரசு ஊழியர்கள் அவ்வூருக்குள் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். கொடுமைக்கு உள்ளானவர்களே கைது செய்யப்பட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அரசு எல்லாவற்றையும் மறுத்தது.

இங்கே வழக்குத் தொடுக்க வேண்டியவர் யார்? காவல்துறை. குற்றஞ்சாட்டப்பட்டவர் யார்? அவர்களுள் 108 பேர் காவல்துறையினர். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராயிருந்த அ. நல்லசிவன் 1992இலேயே உச்ச நீதிமன்றத்தை அணுகினார். உயர் நீதிமன்றம் செல்லுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பாமதி நேரில் ஆராய்ந்து தந்த அறிக்கை அரசின் மறுப்பைக் கரைத்தது. 1995 பிப்ரவரியில்தான் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 1996இல் 269 பேர்மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அவர்களுள் நால்வர் இந்திய வனப்பணி அதிகாரிகள்.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்களின் அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் வரும் மளாலிம் அத்தியாயத்தை இவ்விடத்தில் நினைக்காமலிருக்க முடியவில்லை. சாதாரண காழியின் மன்றத்துக்கு மேலாக, முறையீடுகளைக் கேட்கும் மளாலிம் மன்றத்துக்கு அவர் பத்து வகைப் பணிகளை வகுக்கிறார். முதலாவது, ஆளுநர்கள் குடிமக்கள்மீது செய்யும் வரம்புமீறல். இவ்வகைக்கு முறையிடுபவர் ஒருவர் வந்து நிற்க வேண்டியதேயில்லை, மன்றம் தானே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் நிலை. இன்னொன்று, எதிர்த்தரப்பின் பலத்துக்கு முன் காழியால் நிறைவேற்ற முடியாதுபோன தீர்ப்புகளை நிறைவேற்றுவது. முன்னது வாச்சாத்திக்கு உறவாகிறது. பின்னது கிருஷ்ணகிரிக்கு அருகில் வருகிறது. கீழ்மன்றம் வலியவனுக்கு முன் தளரும்பொழுது மேல்மன்றத்தின் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதை பக்தாதின் சட்ட அறிஞர் ஆயிரம் ஆண்டுக்கு முன் கண்டிருந்தார்.

கதவைத் திறந்து வைப்பதிலும் ஒரு கேடு உண்டு. 397ஆம் பிரிவு இடைக்கால ஆணைகளின்மீது சீராய்வைத் தடுத்தது வீம்புக்காக அன்று. ஒவ்வோர் ஆணைக்கும் மேலே போகலாமென்றால், வசதியுள்ள எதிரி வழக்கை முடியவே விடமாட்டான். தாமதம் என்ன செய்யும் என்பதற்கும் வாச்சாத்தியே சாட்சி. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபொழுது, 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட பதினேழு பேரில் பன்னிருவருக்குப் பத்தாண்டும் ஐவருக்கு ஏழாண்டும் சிறை. மேல்முறையீடு மேலும் பன்னிரண்டு ஆண்டுகளைத் தின்றது.

அமெரிக்கா இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டது. அங்கே 2004இல் இயற்றப்பட்ட பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டப்படி, விசாரணை நீதிமன்றம் தம் உரிமையை மறுத்தால், பாதிக்கப்பட்டவர் வழக்கு முடியும்வரை காத்திராமல் மேல்நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அம்மனுவை 72 மணி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. அதன்பொருட்டு வழக்கை ஐந்து நாளுக்கு மேல் நிறுத்திவைக்கவும் கூடாது. கதவும் திறந்திருக்கிறது, அங்கே கூட்டம் தேங்கவும் வழியில்லை. நம் சட்டமியற்றுவோர் கவனிக்க வேண்டிய ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

நடுவழியில் முறையிடுவதற்கும் முடிந்தபின் முறையிடுவதற்கும் உள்ள வேற்றுமையைக் குஜராத் வழக்குகள் காட்டுகின்றன. வடோதராவின் பெஸ்ட் பேக்கரி வழக்கில், 2003 ஜூனில் எதிரிகள் அனைவரும் விடுதலையான பின்னரே மறுவிசாரணைக்கான போராட்டம் தொடங்கியது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விடுதலையை நீக்கி, மராட்டிய மாநிலத்தில் மறுவிசாரணை நடத்தப் பணித்தது. ஆயின் ஒருமுறை நீதிமன்றத்தில் பிறழ்ந்த சாட்சியத்தின் கறை அதற்குள் படிந்துவிட்டது. முதன்மைச் சாட்சியான இளம்பெண்ணே மாற்றி மாற்றிப் பேசியமைக்காக 2006இல் சிறை செல்ல நேர்ந்தது. பில்கிஸ் பானு வழக்கு அப்படியன்று. அங்கே தீர்ப்புக்கு முன்பே, 2004 ஆகஸ்டில், விசாரணை அகமதாபாதிலிருந்து மும்பைக்கு மாற்றப்பட்டது. 2008 ஜனவரியில் தண்டனை கிடைத்தது. இதற்கு ஓராண்டு முன்னதாகவே தருமபுரித் தந்தை ஒருவர் இதே வழியில் சென்று வென்றிருந்தார் என்பதை ஏனோ யாரும் நினைவுகூர்வதில்லை. நம் பக்கத்திலேயே பின்னரும் இது நடந்தது: ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜின் கொலை வழக்கு, அவருடைய தாயாரின் முறையீட்டால் 2019இல் நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது; 2022 மார்ச்சில் பத்துப் பேர் தண்டனை பெற்றனர்.

சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2009 டிசம்பர் 31 முதல், விடுதலைத் தீர்ப்புக்கும், குறைந்த குற்றத்துக்கான தண்டனைக்கும், போதாத இழப்பீட்டுக்கும் எதிராக மேல்முறையீடு செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது. மூன்றும் வழக்கு முடிந்தபின் வருபவை. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் பிணை முதல் தண்டனை வரை ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்படும் உரிமை தரப்பட்டது. பிணை ஆணைக்கு எதிராக மேலே செல்லவும் இடமுண்டு. ஏனைய இடைக்கால ஆணைகளுக்கு அங்கும் தடைதான். 2022 ஏப்ரலில், லக்கிம்பூர் கேரி வழக்கில் எதிரிக்குத் தரப்பட்ட பிணையை நீக்கிய உச்ச நீதிமன்றம், எந்தக் குற்ற வழக்கிலும் புலனாய்வு தொடங்கிய நாள் முதலே பாதிக்கப்பட்டவர் கேட்கப்பட வேண்டும் என்று அறிவித்தது. இதற்கு மூன்றாண்டு முன்னர் 2019இல், பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்ய இயலாது என்று கூறியதும் அதே நீதிமன்றமே. கேட்கப்படும் உரிமை உண்டு. கேளாமல் விட்டால் அன்றே மேலே செல்லும் வழி விதியாக எழுதப்படவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 397 என்பது 438 ஆகியிருக்கிறது. தடை அப்படியே இருக்கிறது.

வாச்சாத்தி மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் அவ்வூருக்கே சென்று பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்து, பதினெட்டுப் பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்குமாறும், அதில் 5 லட்சத்தைத் தண்டிக்கப்பட்டவர்களிடமிருந்தே பெறுமாறும், அக்காலத்து மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்குமாறும் ஆணையிட்டார். அதற்கு முப்பத்தோராண்டு ஆயிற்று.

பேருந்து வழக்கின் முடிவு வேறு வகையானது. 2010இல் உச்ச நீதிமன்றம் மூவரின் மரண தண்டனையை உறுதிசெய்தது. மற்றவர்களின் ஏழாண்டுச் சிறையை இரண்டாண்டாகக் குறைத்தது. புலனாய்வின் குறை எதிரிக்கு விடுதலையாகிவிடாது என்று அத்தீர்ப்பு சொன்னதை இன்றும் நீதிமன்றங்கள் எடுத்தாள்கின்றன. 2016 மார்ச்சில், கும்பல் வெறியில் செய்த செயல் என்று கருதி, மரண தண்டனை ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய விடுவிப்பில் மூவரும் வெளியே வந்தனர். பில்கிஸ் பானு வழக்கிலும் குற்றவாளிகள் பதினொருவர் 2022 ஆகஸ்டில் இவ்வாறே விடுவிக்கப்பட்டனர். அப்பெண்மணி மீண்டும் நீதிமன்றம் சென்றார். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விடுவிப்பை நீக்கி, அவர்களைச் சிறைக்குத் திரும்பச் சொன்னது.