சட்டவிரோத இசைப் பதிவிறக்கம்

சட்டவிரோத இசைப் பதிவிறக்கம் என்பது பதிப்புரிமை உடையவரின் இசைவின்றி இணையத்தில் பகிரப்படும் இசைக் கோப்புகளைத் தரவிறக்கிக் கொள்வதாகும். பெருநிறுவனங்களைச் சாராத மின்னணு இசையில் இது ஓர் அறச்சிக்கலாகக் கருதப்படுகிறது.

சட்டநிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன்படி ஒலிப்பதிவின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளரே ஆவார். வாசித்த கலைஞர் அல்லர். ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. அறிந்தே உரிமையை மீறுவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு

மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் மின்னணுக் கருவிகளைக் கொண்டு இசைத்தார். இவ்விசைத்தட்டை 1982 இல் எச்.எம்.வி. வெளியிட்டது. அப்போது இது அதிகம் விற்பனையாகவில்லை. 1980களின் பிற்பகுதியில் சிக்காகோவில் பரவிய ஆசிட் ஹவுஸ் இசையை ஒத்திருந்ததால் பின்னர் புகழ் பெற்றது. 2010 இல் பாம்பே கனெக்சன் நிறுவனம் இதனை மறுவெளியீடு செய்தது. சிங் 2015 இல் காலமானார்.

அறநோக்கு

விற்பனையில் இல்லாத இசைத்தட்டைப் படியெடுப்பது, அழியவிருக்கும் இசையைக் காப்பதே என்பது ஆதரிப்போர் வாதம். மேலும், இலவசப் படிகள் மேடை நிகழ்ச்சிகளுக்குக் கேட்போரைச் சேர்க்கும் என்பர். மேடை வாய்ப்பில்லாத கலைஞருக்கும் முதியோருக்கும் இதனால் பயனில்லை என்பது மறுப்பு. சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் சில நூறு படிகளையே அச்சிடுகின்றன; அவ்விற்பனையே அடுத்த வெளியீட்டிற்கு முதலாகிறது. மறுவெளியீடு கிடைக்கும் இசைக்கு, காத்தல் என்னும் வாதம் பொருந்தாது. சிங்கின் ஒலிப்பதிவுக்கு இந்தியாவில் 2042 இறுதிவரை பதிப்புரிமை உள்ளது.