வெந்நீர், எண்ணெய், பிளாஸ்டிக்: துப்பாக்கி துடைத்த கதை

போன வாரம் பாடாலூர் கடைத்தெருவில் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்த்தேன். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று, இப்போது வங்கிக் காவலுக்குப் போகிறார். "அண்ணே, புதுசா வாங்கின துப்பாக்கியில கட்டை பிளாஸ்டிக். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கலாமா, தின்னர் போடலாமா?" என்று கேட்டார். ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார். நின்றபடியே பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, இதற்குள் ஒரு பெரிய வரலாறே இருப்பது தெரிந்தது.

நம் பகுதி துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு 270 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1751-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம், முகம்மது அலிக்குத் துணையாக வந்த ஆங்கிலேயர் மறுபக்கம் என்று வாலிகண்டபுரத்தில் மோதிக்கொண்டார்கள். ஆங்கிலேயப் படை அங்கே தோற்று, நமக்குப் பக்கத்து ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. அன்று அவர்கள் கையில் இருந்தவை கரிமருந்துத் துப்பாக்கிகள்.

கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், அடுப்புக்கரி மூன்றும் சேர்ந்த கலவை. அதில் முக்கால் பங்கு வெடியுப்புதான். சுட்டு முடித்ததும் குழலுக்குள் கறுப்பாகக் கசடு படியும். அந்தக் கசடு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதற்கு மருந்து தண்ணீர்தான். கழுவி, காய வைத்து, எண்ணெய் தடவ வேண்டும். நம் வட்டாரத்து நரிக்குறவர் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் இதே வைத்தியம்தான்.

அடுத்து வந்தது நாம் நன்கு அறிந்த த்ரீ நாட் த்ரீ. அதில் புகை குறைந்த மருந்துதான். ஆனால் தோட்டாவின் அடியில் உள்ள கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு குழலுக்குள் தங்கிவிடும். நம் சமையல் உப்புக்கு உறவுக்காரன். உப்பு எண்ணெயில் கரையாது. எவ்வளவு எண்ணெய் விட்டாலும் உப்பு அடியில் இருந்துகொண்டு குழலைத் தின்னும். அதனால்தான் புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீரைக் குழலில் ஊற்றினார்கள். பிறகு புல்-த்ரூ கயிற்றில் துணியைக் கோத்து இழுத்து, ஈரம் போனதும் எண்ணெய் போட்டார்கள். கயிறும் சின்ன எண்ணெய்க் குப்பியும் துப்பாக்கிக் கட்டையின் அடியில் உள்ள பொந்திலேயே இருக்கும். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய். பெல் ஆஃப் ஆர்ம்ஸ் கதவைத் திறந்ததும் வரும் அந்த எண்ணெய் வாசனையை, அங்கே வேலை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மரத்தின் இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்த கதையும் சுவையானது. 1959-இல் அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனம் நைலானில் கட்டை செய்து ஒரு ரைபிளை விற்றது. 1970-இல் ஜெர்மனியில் பிளாஸ்டிக் உடல் கொண்ட கைத்துப்பாக்கி வந்தது. திரைச்சீலைக் கம்பி செய்து பழகிய காஸ்டன் குளாக்கின் பிஸ்டலை 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற பிறகுதான் உலகம் அதை நம்பியது. இன்று நம் என்.எஸ்.ஜி. கமாண்டோக்கள் கையிலும் அது இருக்கிறது. நமக்கு அருகே 1966-இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் இன்சாஸ் ரைபிள் உற்பத்தியானது. அதன் கட்டை, கைப்பிடி எல்லாம் பிளாஸ்டிக். 1999 கார்கில் போரில் கடுங்குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின்கள் வெடித்த செய்தி அப்போது பத்திரிகைகளில் வந்தது. இரும்புக்குத் துரு எதிரி என்றால், பிளாஸ்டிக்குக்கு வேறு எதிரிகள் உண்டு என்று அன்று பலருக்கும் புரிந்தது.

எனக்கு அது புரிந்தது என் சொந்தத் தவறால். புதுத் துப்பாக்கிகள் வந்த நாட்களில் ஒரு மேகசினில் பெயின்ட் கறை இருந்தது. இரும்பில் முப்பது வருடம் செய்த பழக்கத்தில், தின்னரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன். கறை போயிற்று. சில நாள் கழித்துப் பார்த்தால், துடைத்த இடத்தில் வெள்ளை பூத்து, மயிரிழை போல வெடிப்புகள். அதை ஒரு காவலர் இடுப்பில் கட்டிக்கொண்டு பந்தோபஸ்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் நானே போய் அதிகாரியிடம் சொல்லி, அதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் அல்ல. நைலான் பெட்ரோலையும் எண்ணெயையும் நன்றாகவே தாங்கும், வலுவான அமிலத்தைத் தாங்காது. கண்ணாடி போலத் தெரியும் பாலிகார்பனேட் தின்னரிலும் அசிட்டோனிலும் வெடித்துவிடும். டீட் என்ற மருந்து கலந்த கொசு விரட்டியைக் கையில் தடவிக்கொண்டு தொட்டாலே சில பிளாஸ்டிக்குகள் பிசுபிசுக்கும். எது எந்தப் பிளாஸ்டிக் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், வண்டி பிரேக் துடைக்கும் ஸ்பிரே மூன்றையும் பக்கத்திலேயே சேர்க்கக் கூடாது. மண்ணெண்ணெயும் வேண்டாம். பிளாஸ்டிக் பாகத்துக்கு லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். துடைத்தபின் நன்றாக உலர வேண்டும். எண்ணெய் இரும்புப் பாகத்துக்கு மட்டும், அதுவும் துளி அளவு. கடையில் வாங்கும் திரவமானால் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்துச் சோதிக்க வேண்டும்.

கரிமருந்துக் காலம் முதல் இன்று வரை கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்தான். போக வேண்டிய அழுக்கு எது? அது ஒட்டியிருக்கும் பொருள் எது? முதல் கேள்வியை மட்டும் கேட்டதால்தான் நான் தவறினேன்.

நேற்று சிநேகிதருக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். "அப்போ ஈரத்துணியே போதுமாண்ணே?" என்றார். "போதும். ஆனா துணியை எடுக்கிறதுக்கு முன்னாடி மேகசினைக் கழற்று. உள்ளே தோட்டா இருக்கான்னு கண்ணாலயும் பாரு, விரலாலயும் தடவிப் பாரு" என்றேன். எந்தத் துப்பாக்கியானாலும் அந்த ஒரு வேலை மட்டும் இன்றுவரை மாறவில்லை.