மேடையிலும் திரையிலும் பவளக்கொடி

நிலாவெளிக்கு அப்பால் புறாமலையைச் சுற்றிக் கடலடியிற் பவளப்பாறைகள் உண்டு. அவற்றை அறிந்த சீனன்குடா வாசிகளாகிய நமக்குப் பவளக்கொடியின் கதையில் தனிப் பற்று இருப்பது இயல்பே. மகன் புலந்திரன் பவளத்தேர் வேண்டுமென்று அடம்பிடிக்க, பவளந் தேடிக் கடல் கடந்த அருச்சுனன் அங்கே பவளக்கொடியைக் கண்டு மணம் புரிகின்றான். வியாச பாரதத்தில் இக்கதை இல்லை. தமிழ் மக்கள் தாமே வளர்த்தெடுத்தது. இதனை இசைநாடகமாக்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922).

அந்நாளைய மேடையிற் கடலும் தீவும் ஒரு சீலைப் படுதாதான். எஞ்சியவற்றையெல்லாம் பாட்டே காட்ட வேண்டும். ஒலிபெருக்கி இல்லை, கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி உச்ச சுருதியிற் பாடவேண்டும். சபையோர் 'ஒன்ஸ்மோர்' என்று குரல் கொடுத்தால் அப்பாட்டு மறுபடியும் வரும். இறந்து கிடந்த பாத்திரம் எழுந்திருந்து பாடிவிட்டு மீண்டும் இறந்த வேடிக்கையைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்! நடிகர்கள் ஒருவரையொருவர் மடக்கும் தர்க்கமும் அவ்வப்போது பிறப்பதே. ஆகவே நேற்றைய நாடகம் இன்றைய நாடகமன்று.

முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1934இல், 'பவளக்கொடி' படமாயிற்று. கே. சுப்பிரமணியத்துக்கு அதுவே முதல் இயக்கம். மேடையில் இந்நாடகத்தை நடித்துவந்த எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியுமே படத்திலும் அருச்சுனனும் பவளக்கொடியும் ஆயினர். பாட்டுகள் 50! இசைப் பொறுப்பு பாபநாசம் சிவனுடையது. படப்பிடிப்போ சென்னை அடையாற்றில், வெயில் வெளிச்சத்தில். முகில் மறைத்தால் வேலை நின்றுவிடும். பின்னணிப் பாடகர் என்ற வழக்கம் வராத காலமாதலால், நடிப்பவர் நடித்துக்கொண்டே பாடவேண்டும். காக்கை கரைந்தால் அதுவும் பதிவாகிவிடும். காக்கைகளை விரட்டவே ஓர் ஆள் வைத்திருந்தார்களாம்.

அதே கதை, அதே குரல்கள். எனினும் இரண்டும் ஒன்றல்ல. ஒலிவாங்கி அருகில் இருக்கையிற் கடைசி வரிசையை எண்ணிக் கத்த வேண்டிய தேவை போய்விட்டது. பாகவதரோ உச்ச சுருதியை விடவில்லை. மேடை தந்த தொண்டை அது. இழந்தது 'ஒன்ஸ்மோர்' என்னும் உரிமை. எத்தனை முறை கை தட்டினாலும் திரையிலுள்ள அருச்சுனனுக்குக் கேட்கப் போவதில்லை. மறுபுறம், ஓரூரில் ஓரிரவு கேட்ட பாட்டு, கடல் கடந்தும் பல ஊர்களில் ஒரே நாளில் ஒலிக்கலாயிற்று. இது சிறிய லாபமன்று. 1949இல் டி. ஆர். மகாலிங்கமும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்த 'பவளக்கொடி' வந்தபோது சினிமா தன் காலிலேயே நிற்கப் பழகிவிட்டது.

அப்படியானால் மேடை தோற்றதா? நம் ஈழத்தைப் பார்த்தால் அவ்வாறு சொல்ல நா எழவில்லை. அரிச்சந்திரன் கதை 1944இல் பி. யு. சின்னப்பாவையும் 1968இல் சிவாஜி கணேசனையும் கொண்டு படமாயிற்று. இரண்டும் வந்த பின்னரும், காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து 'மயான காண்டம்' ஆடுகிறார் என்றால் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டது.