ஆள்மாறாட்டக் கதை (திரைப்படம்)

ஆள்மாறாட்டக் கதை என்பது, உருவத்தில் ஒத்த இருவருள் ஒருவர் மற்றவரின் இடத்தில் அமர்ந்து பிறரை நம்பவைப்பதை மையமாகக் கொண்ட சாகசத் திரைக்கதை வகையாகும். இதன் முக்கிய மூலங்களுள் ஒன்று, ஆண்டனி ஹோப் 1894இல் வெளியிட்ட ‘செண்டாவின் கைதி’ என்னும் ஆங்கிலப் புதினம். முடிசூட்டு விழாவுக்கு முந்தைய இரவில் மயக்க மருந்து புகட்டப்பட்ட ரூரிட்டானியா என்னும் கற்பனை நாட்டு மன்னருக்குப் பதிலாக ஆங்கிலேயர் ஒருவர் முடிசூடுவதும், மணக்கவிருக்கும் இளவரசியே வேற்றுமையை உணராதிருப்பதும் இதில் நிகழ்கின்றன. இருவரும் தூரத்து இரத்த உறவினர் என்ற காரணம் கூறப்பட்டாலும், குரலும் பழக்கவழக்கமும் ஒத்துப்போவதற்கு அது போதாது.

திரையில் இந்நம்பகக் குறையை ஈடுசெய்தது ஒளிப்பதிவே. வில்லையின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்து, அதே சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மறுபாதியைப் பதிவதன் மூலம் ஒரே நடிகர் இருவராகத் தோன்றினார். இப்புதினத்தைத் தழுவிய 1937ஆம் ஆண்டுப் படத்தில் ரொனால்டு கோல்மன் தம்முடனேயே கைகுலுக்கும் காட்சி, ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வாங் ஹோவின் திறனுக்குச் சிறந்த சான்று. 1952இல் ஸ்டூவர்ட் கிரேஞ்சர் நடித்த மறுஆக்கம் 1937ஆம் ஆண்டுத் திரைக்கதையையே பெரிதும் பின்பற்றியது.

தமிழில் இவ்வகையைச் சேர்ந்த படங்களாக, பி. யு. சின்னப்பா இரட்டை வேடமேற்ற ‘உத்தம புத்திரன்’ 1940இலும், எம்.ஜி.ஆர். இயக்கி நடித்த ‘நாடோடி மன்னன்’ 1958இலும் வெளியாயின.